முப்பத்தேழாம் எண் குதிரை

குதிரைத் தேர்வுக்கு முந்தின நாள், அரங்கத்துச் சுவரை ஒட்டித் தாண்டு கட்டைகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். ரைமர் தடுப்புப் பலகையில் முழங்கைகளை ஊன்றிச் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் ஒரு சின்னக் கட்டை, அப்புறம் கொஞ்சம் உயரமாக ஒன்று, கடைசியில் இரட்டைக் கட்டையாக அகலமான ஒன்று. நட்டு முடித்ததும் ஒருத்தன் வெள்ளைக் கயிறு இழுத்துக் கட்டிக் குதிரை ஓட வேண்டிய பாதையைப் பிரித்துவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் ரைமர் முழங்கைகளை எடுத்து நிமிர்ந்தார்.

பாதை இடப்பக்கமாக வளைந்தது.

கண்ணை மூடிக்கொண்டு, தான் வேலை செய்கிற நோர்டர்கோக் பண்ணையின் உருளைக்கிழங்குக் கொட்டகையை நினைத்துப் பார்த்தார். கதவு இங்கே. கிழங்கு பிரிக்கிற மெஷின் அந்த மூலையில். மெஷினை நகர்த்த முடியாது என்று கட்டைகளை இந்தச் சுவரோரம் போட்டோம். அப்படியென்றால் குதிரை கதவுப்பக்கம் இருந்து கிளம்பி... கையை முன்னால் நீட்டி வளைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். எப்படி வளைத்தாலும் கை வலப்பக்கம்தான் போனது.

இரண்டு மாதம், வாரம் மூன்று நாள், தன் கையால் கட்டை தூக்கித் தூக்கி, குதிரையை அவர் தலைகீழாகப் பழக்கியிருந்தார்.

வீப்கே இரண்டு காபியோடு வந்தாள். பண்ணையும் குதிரையும் அவளுடையவை. நாற்பத்தைந்து வயது. செப்டம்பரில் இடுப்பில் ஆபரேஷன் செய்ததால் இன்னும் லேசாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் ரைமர் அந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"கட்டையப் பாரு."

"பாத்துட்டேன். உயரம் சரியாத்தான் இருக்கு."

"உயரத்த விடு. எந்தப் பக்கம் ஓடுது, அதப் பாரு."

"இடப்பக்கம். எல்லா வருஷமும் இப்படித்தானே போடுறாங்க."

"நம்ம கொட்டகைல வலப்பக்கம்."

அவள் காபியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "விளையாடாதீங்க."

"நான் என்னிக்கு விளையாடியிருக்கேன்?"

"வீடியோ அனுப்பினீங்களே!"

"நீயும் பாத்தியே."

"நான் குதிரையப் பாத்தேன். சுவத்தையா பாப்பேன்? ஆஸ்பத்திரிக் கட்டில்ல மல்லாந்து கிடந்தவளுக்கு எது இடம், எது வலம்?" காபியைப் பலகையின் மேல் வைத்தாள். "அது இருக்கட்டும். வருஷா வருஷம் பக்கத்துப் பண்ணைக்காரர் போயே வீட்டு அரங்கத்துக்குத்தானே ஓட்டிட்டுப் போவீங்க? அங்க எல்லாம் இதே மாதிரி போட்டு வச்சிருக்காரே. இந்த வருஷம் மட்டும் கிழங்குக் கொட்டகை எதுக்கு?"

"வழியெல்லாம் சேறு."

"அரை கிலோமீட்டர் தார் ரோடு. அதுல என்ன சேறு?"

ரைமர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குதிரைக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று கிளம்பினார். தண்ணீர் ஏற்கனவே வைத்தாயிற்று.

வந்திருந்த ஆண் குதிரைகள் மொத்தம் அறுபத்திரண்டு. எல்லாம் இரண்டரை வயது. குதிரை வளர்ப்போர் சங்கம் நடத்துகிற மூன்று நாள் தேர்வு. முதல் நாள் டாக்டர், அளவுகோல், கல்தரையில் ஓட்டம். இரண்டாம் நாள் கட்டை தாண்டுவது. மூன்றாம் நாள் மத்தியானம் தீர்ப்பு. தேறினவை இனப்பெருக்கத்துக்கான பொலிகுதிரைப் புத்தகத்தில் ஏறும், அவற்றின் குட்டிகளுக்கு வம்சம் சொல்லும் முழுக் காகிதம் கிடைக்கும். தேறாதவற்றுக்குப் பெரும்பாலும் அந்த வாரமே காயடித்துவிடுவார்கள். இருபது, இருபத்தைந்துக்கு மேல் தேறினதாகச் சரித்திரம் இல்லை.

வீப்கேயின் குதிரைக்கு இங்கே பெயர் கிடையாது, முப்பத்தேழு என்ற எண் மட்டும்தான். பண்ணையில் அதன் பெயர் இறால். பிறந்த அன்றைக்கு வைக்கோலில் அப்படித்தான் சுருண்டு கிடந்தது. இப்போது அது சுருண்டு படுக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு கொட்டகை கட்ட வேண்டும். உடம்பெல்லாம் கருஞ்சிவப்பு, எங்கேயும் ஒரு வெள்ளைப் பொட்டு இல்லை. லாயத்துக்குள் ரைமர் நுழைந்ததும் அது அவருடைய தொப்பியைப் பிடுங்கி வைக்கோலில் போட்டது.

"போடு, போடு," என்றார் ரைமர். "ஜூன் மாசத்துலயே எனக்குத் தொப்பி போட்டுட்ட. இன்னும் என்ன?"

ஜூன் மாதத்தில் நடந்தது இதுதான்.

வீப்கேயின் மேய்ச்சல் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவில் ஒரு வடிகால் வாய்க்கால். நாலு மீட்டர் அகலம், சேறு இடுப்பளவு. அந்தக் கரையில் போயேயின் பெட்டைக் குதிரைகள் நாலு மேய்ந்துகொண்டிருந்தன. போயேயும் ரைமரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒருத்தர் பேனாவை ஒருத்தர் உடைத்தவர்கள். ஜூன் கடைசியில் ஒருநாள் காலை ஐந்து மணிக்கு ரைமர் குதிரைகளைப் பார்க்கப் போனபோது இந்தக் கரையில் இறாலைக் காணவில்லை. அந்தக் கரையில் நின்றது. போயேயின் ஒடெஸ்ஸா என்ற பெட்டையின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஆள் மாதிரி சாவகாசமாக நின்றது.

போயே வீட்டில் இன்னும் விளக்கு எரியவில்லை. ரைமர் சுற்றிப் போய், கேட்டைத் திறந்து, அதை ஓட்டிக்கொண்டு வந்து, கேட்டைப் பூட்டினார். அன்று மத்தியானமே கரையோரம் இரண்டு வரிசை மின்கம்பி கட்டினார். யாராவது விசாரித்தால், போயேதான் கேட்டைத் திறந்து போட்டிருப்பார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஒன்றும் நடந்திருக்காது என்றும் நினைத்தார். நினைப்பதற்குக் காசா பணமா.

ஜூலையில் போயே ஒரு பாட்டில் சாராயத்தோடு கொட்டகைக்கு வந்தார். ஒடெஸ்ஸாவுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருஷமாகச் சினை ஊசி போட்டும் சினை நிற்கவே இல்லை. இந்த வருஷம்தான் கடைசி முயற்சி என்று பெரிய பொலிகுதிரையின் ஊசியாகப் பார்த்துப் போட்டார், அதுவும் நிற்காது என்று டாக்டரே கையை விரித்திருந்தார். இப்போது ஸ்கேனில் தெரிகிறதாம். போயேயின் அப்பா காலத்திலிருந்து வருகிற வம்சம். அதில் மிஞ்சினது ஒடெஸ்ஸா ஒன்றுதான்.

"குடி ரைமர், குடி. ஒரு பெட்டைக் குட்டி மட்டும் போட்டுதுன்னா நான் சாகுற வரைக்கும் யாரையும் திட்ட மாட்டேன்."

ரைமர் குடித்தார். போயே மறுபடியும் ஊற்றினார். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. போயே வருகிற வழியில் அவர் போவதை விட்டார். போயேயின் அரங்கத்துக்குக் குதிரையை ஓட்டிப் போவதையும் விட்டார். கிழங்குக் கொட்டகையில் கட்டை நட்டார்.

குட்டி மே மாதம் பிறக்கும். பதிவுக்கு வருகிறவர்கள் அதன் பிடரியில் நாலு முடி பிடுங்கிக்கொண்டு போவார்கள். அந்த முடி அப்பன் யார் என்று சொல்லிவிடும். அப்பன் புத்தகத்தில் ஏறின குதிரை என்றால் குட்டிக்குக் காகிதம் உண்டு. தேறாத குதிரை என்றால் போயேயின் அப்பா காலத்து வம்சம் அரைக் காகிதத்தோடு முடிந்துபோகும். முடித்து வைத்த ஆள் ரைமர். ஐந்து மாதமாக அவர் சாப்பிட்ட சோறு எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

முதல் நாள் நல்லபடியாகவே போனது. உயரம் ஒரு மீட்டர் அறுபத்தேழு. எக்ஸ்ரே சுத்தம். கல்தரையில் ரைமர் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்தபடி கூடவே ஓடினார். திரும்புகிற இடத்தில் மூச்சு வாங்கியது குதிரைக்கு இல்லை, அவருக்குத்தான். நடுவர் மூன்று பேரும் கால்களைப் பார்த்தார்கள், குனிந்து எழுதினார்கள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்த முகத்துக்குத்தான் அவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் கட்டை. குதிரையை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். உள்ளே சங்கத்து ஆட்கள் பிடித்துவிடுவார்கள், சொந்தக்காரர்கள் பாதைப் பக்கம் போகக்கூடாது. ரைமர் தலைக்கயிற்றைக் கொடுத்துவிட்டு மேலே பெஞ்சுக்கு வந்தபோது, தன் இடத்துக்குப் பக்கத்தில் போயே உட்கார்ந்திருந்தார். கையில் மீன் வைத்த ரொட்டி. வெங்காயம் முழங்கால் எல்லாம் சிந்தியிருந்தது.

"மொய்ன்," என்று ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னார் போயே. "என்னடா, நாலஞ்சு மாசமா ஆளையே காணோம்? என்னைப் பாத்தா பாதைய மாத்திக்கிட்டுப் போற. எனக்கென்ன சொறியா?"

"வேலை."

"எனக்கு மட்டும் லீவா? வீப்கே எங்க?"

"கீழ. பாக்கத் தைரியம் இல்லன்னு வாசல்ல நிக்கிறா."

"உன் கிழங்குக் கொட்டகை விஷயம் ஊருக்கே தெரியும்," என்றார் போயே. "ஒருநாள் ரோட்டுல போறப்ப கதவு வழியா பாத்தேன். இவன் எதுக்குடா வலப்பக்கமா ஓட்டுறான்னு அப்பவே நினைச்சேன்."

"நினைச்சியே, வண்டிய நிறுத்திச் சொல்லக் கூடாதா?"

"நீதான் என்னைப் பாத்ததும் மெஷினுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டியே!"

மைக்கில் முப்பத்தேழு என்றார்கள்.

இறால் உள்ளே வந்தது. தலையைத் தூக்கி விளக்குகளைப் பார்த்தது, ஜனங்களைப் பார்த்தது. ஆள் கயிற்றை அவிழ்த்துவிட்டான். அது நாலடி ஓடி, பாதையின் வாயில் வந்து நின்றது. நின்று வலப்பக்கம் பார்த்தது. அங்கே சுவர். ரைமர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் இருந்து யாரோ ஒருத்தர், "இது லாயத்துக்கு வழி தேடுது," என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சங்கத்து ஆள் நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தான். குதிரை இடப்பக்கம் திரும்பியது.

முதல் கட்டையைக் கட்டை என்றே அது மதிக்கவில்லை, ஓடுகிற ஓட்டத்திலேயே மிதித்துத் தள்ளாமல் கடந்துபோனது. இரண்டாவதற்குக் காதை முன்னால் நீட்டியது. மூன்றாவது, அந்த அகலக் கட்டைக்கு முன்னால், உடம்பைப் பின்னங்கால்களின் மேல் உட்கார வைத்தது, முன் கால்களைத் தாடைக்கு அடியில் மடித்தது, எழும்பியது. எழும்பி, இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. கட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்திருக்கலாம். அப்புறம் மணலில் இறங்கி, அடுத்த சுற்றுக்கு அதுவாகவே போய் நின்றது.

அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து சுற்றிக்கொண்டு வந்தது. நடுவர் தலைவர் பேனாவால் மேலே காட்டினார். கட்டையை உயர்த்தினார்கள். இறால் மறுபடியும் தாண்டியது. இன்னும் உயர்த்தினார்கள். இன்னும் தாண்டியது. நாலாவது தடவை எல்லாரும் தாண்டுகிறதைவிட அகலமாக்கினார்கள். இறால் அந்த அகலத்தைப் பார்த்ததும் காதை ஆட்டி, பழகின வேலைக்குப் போகிறவன் மாதிரி இரண்டு எட்டுக் குறைத்து வைத்து, பறந்துபோனது.

ரைமருக்கு அந்தத் தாவலைப் பார்த்ததும் சந்தோஷத்துக்கு முன்னால் இன்னொன்று தோன்றியது. ஜூன் மாதம் பூராவும் வாய்க்கால் கரையில் காலையில் குளம்புத் தடம் கிடந்தது. இந்தப் பக்கமும் கிடந்தது, அந்தப் பக்கமும் கிடந்தது. போயேயின் பெட்டைகள் தண்ணீர் குடிக்க வந்திருக்கும் என்று நினைத்து அவர் அதைத் தினமும் மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தக் கரையில் பம்ப் வீடு குறுக்கே நிற்கிறது. அங்கிருந்து தாவி இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் இடப்பக்கமாக வளைந்து ஓடினால்தான் முடியும்.

ஒரு நாள் இல்லை. ஒரு மாதம்.

"ஏண்டா," என்றார் போயே. ரொட்டி கையிலேயே இருந்தது. "உன் கொட்டகைல வலது. இங்க இடது. இது எங்கடா இடது கத்துக்கிச்சு?"

ரைமர் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் வாய்க்கால்ல."

"என் வாய்க்கால்ல என்ன?"

"போறப்ப வலது. திரும்பி வர்றப்ப இடது. ஜூன் மாசம் பூரா."

போயே சிரித்தார். "நாலு மீட்டர் வாய்க்கால். போடா." அப்புறம் கீழே பார்த்தார். அங்கே ஒருத்தன் இறாலைப் பிடிக்க ஓட்ஸ் வாளியை ஆட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அகலக் கட்டை நின்றது. போயேயின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "திரும்பி வர்றப்பன்னா... எங்க இருந்து திரும்பி?"

"ஒரு நாள் காலைல உன் பக்கம் நின்னுச்சு. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ஒடெஸ்ஸாகூட நின்னுச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

போயே ரொட்டியைப் பெஞ்சின் மேல் வைத்தார். கீழே முப்பத்தெட்டாவது எண் வந்து முதல் கட்டையிலேயே எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

"டாக்டர் அப்பவே சொன்னான்," என்றார் கடைசியில். "ஊசி போட்ட தேதிக்குக் கரு சின்னதா இருக்குன்னு. உனக்குக் கணக்கு வராதுன்னு அவனத் திட்டி அனுப்பினேன்." ரைமர் பக்கம் திரும்பினார். "ஜூலைல என் சாராயத்தக் குடிச்சியேடா!"

"குடிச்சேன்."

"ரெண்டு கிளாஸ்!"

"மூணு."

"மூணு!" போயே எழுந்தார். முழங்காலில் இருந்த வெங்காயம் எல்லாம் ரைமரின் பூட்ஸில் விழுந்தது. இரண்டு படி இறங்கினவர் நின்று திரும்பி வந்தார். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. "அந்த நிலத்துல எத்தனை பெட்டைடா நின்னுச்சு?"

"நாலு."

"நாலும் சினை," என்றார் போயே. "முப்பது வருஷத்துல ஒரு வருஷமும் நாலும் நின்னதில்ல. டாக்டருக்குக் கைராசின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பூராவும் போயே கண்ணில் படவில்லை. வீப்கே வந்து ரைமரைக் கட்டிப்பிடித்தாள், கன்னத்தில் முத்தமிட்டாள், ஆபரேஷன் ஆன இடுப்போடு ஒரு குதி குதித்து வலியில் கத்தினாள். "இடது பக்கம்! அத்தனையும் இடது பக்கம்! எப்படிங்க?" அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. நாளைக்குத் தீர்ப்பு வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நினைத்ததுமே, ஜூலையிலும் இப்படித்தானே நாளைக்கு என்றோம் என்று தோன்றியது. அவளைக் குதிரை லாயத்து ஓரமாக வைக்கோல் கட்டின் மேல் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். நாலு பெட்டையையும் சொன்னார்.

அவள் கேட்டு முடித்தாள். எழுந்து இறாலிடம் போனாள். அதன் மூக்கைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

"நாளைக்கு மட்டும் தேறாமப் போனா," என்றாள், "போயே நம்ம ரெண்டு பேரையும் அதே வாய்க்கால்ல போட்டு மூடுவாரு. அவருக்கு உரிமை உண்டு." அப்புறம் ரைமரைப் பார்க்காமலே, "அஞ்சு மாசமா இதத் தனியாவா தூக்கிட்டுத் திரிஞ்சீங்க? மடையன்," என்றாள். அவள் அவரை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரைமருக்கு என்னவோ தோளில் இருந்து ஒரு மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அரங்கம் நிரம்பிவிட்டது. குதிரைகளைப் பத்துப் பத்தாக உள்ளே கூட்டிவந்து வட்டமாக நடக்க விட்டார்கள். ரைமர் இறாலின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏழாவதாக நடந்தார். நடக்கும்போது தடுப்புப் பலகையின் ஓரமாக, வீப்கேக்குப் பக்கத்தில், போயே நிற்பதைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. வட்டம் அந்தப் பக்கம் வந்தபோது போயே பலகையின் மேல் பாதி உடம்பைச் சாய்த்தார்.

"சங்கத்து ஆபீஸ்ல கேட்டேன்," என்றார் தணிந்த குரலில். "தெரிஞ்சவர் ஒருத்தருக்காகன்னு சொல்லித்தான். குட்டியப் பதியுற அன்னிக்கு அப்பன் புத்தகத்துல இருந்தாப் போதுமாம். சேந்த தேதிய யாரும் கேக்க மாட்டாங்களாம்."

"சரி."

"சரி இல்லடா. அந்தக் கழுதையத் தலையத் தூக்கி நடக்கச் சொல்லு!"

ரைமர் அடுத்த சுற்று முழுவதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார். அடுத்த சுற்றில் போயே, "கழுத்த நீட்டச் சொல்லு!" என்றார். அதற்கடுத்த சுற்றில் ஒன்றும் சொல்லாமல், சொந்தக் குதிரைக்குக்கூடச் செய்யாத விதமாக, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தலைவர் மைக்கைத் தட்டினார். முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும் ஏற்கப்படவில்லை. முப்பத்து மூன்று, ஏற்கப்படவில்லை. முப்பத்து நாலு, ஏற்கப்படவில்லை. முப்பத்தைந்து, ஏற்கப்பட்டது, ஒரு குடும்பமே கத்தியது. முப்பத்தாறு, இல்லை. அந்தக் குதிரையைப் பிடித்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். அவனுக்கு ரைமர் வழி விட்டு நின்றார்.

"முப்பத்தேழு," என்றார் தலைவர். காகிதத்தைப் பார்த்தார். "கழுத்து இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம். பின்னங்கால் சற்று நேராக இருக்கிறது. கல்தரையில் நடை சாதாரணம்."

ரைமர் தரையைப் பார்த்தார். மணலில் குளம்புத் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. நாலு குட்டிகள். நாலு அரைக் காகிதங்கள். போயேயின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தார்.

"ஆனால் அந்த அகலக் கட்டையை," என்றார் தலைவர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "நேற்று நாங்கள் பார்த்த மாதிரி, இந்த மூன்று நாளில் வேறு எதுவும் தாண்டவில்லை. எதையோ விரும்பித் தாண்டுகிற மாதிரி தாண்டியது. ஏற்கப்பட்டது."

முதலில் கத்தினது வீப்கே இல்லை. போயே. ஆஸ்பத்திரியிலிருந்து பேரன் பிறந்த சேதி வந்தவர் மாதிரி கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் குதிரை அவருடையது என்று நினைத்து அவருக்குக் கை கொடுத்தார்கள். அவரும் வாங்கிக்கொண்டார். வீப்கே அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ வந்து இறாலின் கடிவாளத்தில் பச்சை ரிப்பன் கட்டினார்கள். அது உடனே அதைத் தின்னப் பார்த்தது.

ரைமர் இறாலை லாயம் வரைக்கும் கொண்டுபோய், தேய்த்து, போர்வை போட்டு, தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அந்தத் தீர்ப்பை நம்பினார்.

அப்புறம் மூன்று பேரும் லாயத்துக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தார்கள். பட்டாணி சூப்பும் சாசேஜும் வாங்கினார்கள். போயே விரல் விட்டு எண்ணினார்.

"ஒடெஸ்ஸா வயித்துல இருக்கிறது இதோடதுதான், சந்தேகமே இல்ல. சின்னவளுக்கும் இதோடதாத்தான் இருக்கும், அவளுக்குத் தேதி உதைக்குது. மத்த ரெண்டும் மே மாசம்தான் தெரியும்."

"அப்ப எனக்குப் பொலிக் கூலி?" என்றாள் வீப்கே.

"வேலிய ஒழுங்காக் கட்டாததுக்கு நான்தான் உங்கிட்டக் கேக்கணும். என் பெட்டைங்கள யாரு கேட்டு..."

"உங்க பெட்டைங்க வேண்டாம்னு சொல்லிச்சா?"

"அந்த நாலும் வெக்கங்கெட்டவளுங்க," என்றார் போயே. தலையை ஆட்டிக்கொண்டு ரைமர் பக்கம் திரும்பினார். "உன்னை நான் இன்னும் மன்னிக்கல. தெரிஞ்சுக்கோ."

"தெரியும்."

"குட்டி நாலு காலும் நேரா பூமில வச்சப்புறம் யோசிக்கிறேன். அன்னிக்கு ஒரு பாட்டில் நீ கொண்டு வர்ற. மூணு கிளாஸ் நான் குடிப்பேன். நீ பாத்துட்டு உக்காரு."

"சரி."

எதிரே லாயத்திலிருந்து இறால் கனைத்தது. அந்தக் கட்டடமே அதிர்கிற மாதிரியான கனைப்பு. எங்கேயோ ஒரு பெட்டை பதில் கொடுத்தது. ஜூனில் இருந்து அந்தச் சத்தம் கேட்டால் ரைமர் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி எழுந்து ஓடுவார். இப்போதும் அவர் தன்னை அறியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"உக்காருங்க," என்றாள் வீப்கே. "கதவு பூட்டியிருக்கு."

"அது புத்தகத்துல ஏறின குதிரைடா இப்ப," என்றார் போயே. "கத்தட்டும்."

ரைமர் உட்கார்ந்தார். இறால் மறுபடியும் கனைத்தது. அவர் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டார், கரண்டியால் அமுக்கி ஊற வைத்தார், அடி வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார். காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, இன்னொரு கிண்ணம் வாங்க வரிசையில் போய் நின்றார்.